சாதாரணச் சத்தம்

நவம்பர் 14, வியாழன்

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். தையல் இழுக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. அம்மாவால் வர இயலாது. அரவக்குறிச்சியில் அப்பா பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், அவரைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட அம்மா ஒருத்திதான். அதனால் நான் தாய்வீட்டுக்குப் போகாமல் கரூரிலேயே இருக்கிறேன். நவநீதன் பட்டறையில் லீவு சொல்லியிருக்கிறார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர் அவர். பெயிண்ட் வாசனை போக வேண்டுமென்று கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்குகிறார்.

இந்த டைரி பெயிண்ட் கம்பெனிக்காரர் அவருக்குக் கொடுத்தது. வருடம் முடியப்போகிறது, ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. ஆஸ்பத்திரி டூட்டியில் ஷிஃப்ட் முடியும்போது ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தே பழகிவிட்டேன். எழுதாவிட்டால் நாள் முடிந்த மாதிரி இல்லை.

பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள். தூங்கும்போது சத்தம் போடுகிறாள். பயம் ஒன்றுமில்லை, குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 16, சனி

சின்னக் குழந்தை தூங்கினால் வீடே அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவள் முக்குகிறாள். பழைய கதவு திறப்பதுபோல் கிறீச்சிடுகிறாள். மூக்கில் விசில் அடிக்கிறாள். கொஞ்ச நேரம் வேகவேகமாக மூச்சு விடுகிறாள், பிறகு மூச்சே இல்லை, நான் எழுந்து விளக்கைப் போடுவதற்குள் பெரிதாக ஒரு பெருமூச்சு. முகம் சிவக்க உடம்பை முறுக்கி, ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து எழுவதுபோல் முனகுகிறாள். கண் மட்டும் திறப்பதில்லை.

நான் நர்ஸ். ஆனால் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். நான் பார்க்கிறவர்கள் எல்லாம் பெரியவர்கள், நான்கு மணி நேரம் படுத்தபடி சீரியல் பார்ப்பவர்கள். குழந்தைகள் வார்டில் படித்த காலத்தில் கொஞ்ச நாள் போட்டார்கள், அங்கே மெஷின் சத்தத்தில் எந்தக் குழந்தையின் சத்தமும் கேட்டதாக நினைவில்லை.

நவநீதன் நிம்மதியாகத் தூங்குகிறார். எழுப்பினேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "கனாக் காணுது புள்ள, நீ படு" என்றார்.

நவம்பர் 18, திங்கள்

நேற்று இரவு கேஷுவாலிட்டிக்குப் போனோம். நான் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி.

முக்கல் நிற்காமல் வந்தது. மூச்சு நின்று நின்று வருவதாகப் பட்டது. நான் அழுதுகொண்டே செருப்பில்லாமல் ஆட்டோவில் ஏறியிருக்கிறேன், இறங்கும்போதுதான் தெரிந்தது. ஜெசிந்தாதான் அங்கே நைட் டூட்டி. என்னோடு படித்தவள். "நவுருங்க நவுருங்க, நானும் ஸ்டாஃப்தான்" என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றவர்களைத் தாண்டி உள்ளே போனேன். கை உடைந்த ஒருவர் எழுந்து இடம் விட்டார்.

கட்டிலில் கிடத்தியதும் பாப்பா கண் திறந்தாள். டியூப் லைட்டைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல், ஒழுங்காக, அழகாக மூச்சு விட்டாள்.

குழந்தைகள் டாக்டர் பூங்கொடி வந்து நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். "சுகந்தி, இது சாதாரணச் சத்தம். பச்சைக் குழந்தைங்க மூக்கு வழியாத்தான் மூச்சு விடுவாங்க, மூக்கு துளியூண்டு. தூக்கத்துல பாதி நேரம் ஆடிக்கிட்டே, முனகிக்கிட்டேதான் இருப்பாங்க. வயித்தை முக்கிப் பழகுறாங்க. பால் குடிக்கிறா, நிறம் நல்லாருக்கு, சத்தம் விட்டு விட்டுத்தானே வருது? பயப்படவே வேணாம்" என்றார். இன்னும் என்னவோ சொன்னார். நான் என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை உடைந்தவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

எங்கள் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் ஜெசிந்தா போட்டிருக்கிறாள்: "சுகந்தி சிஸ்டர் பொண்ணு குறட்டை விடுதுன்னு அட்மிஷன் கேட்டு வந்தாங்க. பெட் இல்லைன்னு அனுப்பிட்டோம்." கீழே பன்றிக்குட்டி படங்கள், சிரிப்பு முகங்கள். வார்டு அட்டெண்டர் வரைக்கும் சிரித்திருக்கிறார்கள்.

நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 23, சனி

மறுபடியும் போனேன். இந்த முறை பகலில், டோக்கன் போட்டு. தூங்கும்போது எடுத்த வீடியோவைக் காட்டினேன். டாக்டர் முழுவதும் பார்த்துவிட்டு, "இதுவும் அதேதான்" என்றார். கோபமெல்லாம் படவில்லை. எனக்கு அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெளியே பைக்கை எடுக்கும்போது நவநீதன் சொன்னார்: "இன்னைக்கு ஒரு வண்டி டெலிவரி. மேஸ்திரிகிட்ட என்னன்னு சொல்லுவேன்? நீ நர்சுதானே சுகந்தி?"

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்.

நவம்பர் 24, ஞாயிறு

இனிமேல் போகமாட்டேன்.

நவம்பர் 27, புதன்

நவநீதனின் அக்கா திலகவதி அண்ணி பரமத்தியிலிருந்து வந்திருக்கிறார். நவநீதன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதால் எனக்குத் துணைக்கு வரச் சொன்னாராம். அண்ணிக்கு இரண்டு பையன்கள், இருவரும் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். வந்த வேகத்தில் சமையலறையைக் கழுவினார், துணிகளை அலசிப்போட்டார், எனக்குப் பூண்டுக் குழம்பு வைத்துச் சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றினார்.

பாப்பா தூக்கத்தில் முக்கியதும் அண்ணி சிரித்தார். "எல்லாக் கொழந்தையும் இப்படித்தான் கண்ணு. எம் பெரியவன் பன்னிக்குட்டியாட்டம் உறுமுவான். அவங்கப்பா ராத்திரில எந்திரிச்சுப் போயி வாசல்ல படுத்துக்குவாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதையை நவநீதன் சொல்லியிருப்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார்.

நவம்பர் 30, சனி

குளிப்பாட்டும்போது அண்ணி பாப்பாவின் மூக்கில் எண்ணெய் விடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். "மூச்சுக் குழாய்ல எறங்கிடும் அண்ணி. நான் நர்ஸ், எனக்குத் தெரியும்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. குழந்தையின் மூக்கு, தூக்கத்தின் வகைகள், மூச்சு ஏன் விட்டு விட்டு வருகிறது என்றெல்லாம் பாடம் எடுத்தேன். டாக்டர் பூங்கொடி சொன்ன அதே வார்த்தைகள். எனக்கு எப்போதோ தெரிந்தவைபோல் சொன்னேன்.

அண்ணி ஈரக் கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னார்.

பேசி முடித்ததும் உடம்பு லேசானது. பல நாட்களுக்குப் பிறகு மத்தியானம் அசந்து தூங்கினேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

நவநீதனுக்கு இருமல், சளி. ஹாலில் படுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது நானும் அண்ணியும் பாப்பாவும் உள் அறையில்.

கீழ்வீட்டுப் பெண் பாப்பாவைப் பார்க்க வந்தாள். "என்னக்கா இப்படி முனகுது" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, புதிதாக அம்மா ஆனவர்கள் எப்படியெல்லாம் பயந்து ஓடி வருவார்கள் என்று சொன்னேன். செருப்பில்லாமல் வந்த ஒரு பெண்ணைப் பற்றிக்கூடச் சொன்னேன். அது யாரென்று சொல்லவில்லை.

பாப்பா இரண்டு முறை தும்மினாள்.

டிசம்பர் 5, வியாழன்

அண்ணி காலையில், "பாப்பா பாலை விட்டு விட்டுக் குடிக்குது சுகந்தி. ரெண்டு வாய் குடிச்சதும் மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார். சளி மூக்கில் அடைத்திருக்கிறது, உப்புத்தண்ணீர் சொட்டு விட்டால் சரியாகும் என்றேன். விட்டேன். கொஞ்சம் குடித்தாள்.

துவைத்தது காயவில்லை. மழைத் தூறல்.

டிசம்பர் 6, வெள்ளி

சாயங்காலம் அண்ணி பாப்பாவை மடியில் போட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சத்தம் வேற மாதிரி இருக்குது. ஆசுபத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரலாமா?" என்றார்.

நான் சிரித்தேன். "எல்லாக் கொழந்தையும் இப்படித்தான்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

"சொன்னேன். அது வேற, இது வேறயாட்டந் தெரியுது."

குரூப்பில் போட்டேன்: "இப்ப எங்க அண்ணி டர்ன். பாப்பா சத்தம் போடுதுன்னு பயப்படறாங்க. ஒரு பெட் ரெடி பண்ணி வைங்க ஜெசி." நிறைய சிரிப்பு முகங்கள் வந்தன. ஜெசிந்தா, "நைட் நான்தான், வரச் சொல்லு" என்று போட்டாள். மறுபடியும் அவர்களில் ஒருத்தி ஆனது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதை எழுதுகிறேன்.

டிசம்பர் 7, சனி

அட்மிஷன். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் சளி. வேறு எழுத முடியவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

குழந்தைகள் ஐசியூ வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுகிறார்கள்.

நேற்றுக் காலை விடிந்த பிறகுதான் பாப்பாவின் மூச்சு வேகமாக இருப்பதைக் கவனித்தேன். உடனே நவநீதனை எழுப்பி, ஓபி திறக்கும்போதே கொண்டுவந்து காட்டினோம். டாக்டர் பூங்கொடி பார்த்த மாத்திரத்தில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஏதோ வைரஸ், நுரையீரலின் சின்னச் சின்னக் குழாய்களில் சளி அடைத்திருக்கிறது என்கிறார்கள். மூக்கில் குழாய், கையில் ஊசி. முகத்தில் பாதி பிளாஸ்திரி.

"எப்பருந்து இப்படி?" என்று டாக்டர் கேட்டார். "காலையிலதான் டாக்டர், இப்பத்தான் பார்த்தேன்" என்றேன். எழுதிக்கொண்டார்.

நவநீதன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார்: "ராத்திரி ஒண்ணுமே தெரியலையா உனக்கு?"

அண்ணி ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

நான் சொன்னேன்: "எல்லாக் கொழந்தையும் இப்படித்தான்னு அண்ணி சொன்னாங்க. நானும் சரின்னு இருந்துட்டேன்."

நவநீதன் அக்காவைப் பார்த்துத் திரும்பினார். "ரெண்டு பெத்தவன்னுதானே உன்னைய நம்பிக் கூட்டிட்டு வந்தேன்? உம் பேச்சைக் கேட்டு இவ இருந்துட்டா, உசுரையே விட்டிருக்குமே புள்ள." இன்னும் என்னென்னவோ. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அண்ணி என்னைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கை பெஞ்சின் மேல் வைத்தார். மத்தியானம் பஸ் ஏறிப் பரமத்திக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 9, திங்கள்

நேற்று எழுதியது பொய். யாரும் படிக்காத டைரியிலும் பொய் எழுதியிருக்கிறேன்.

வெள்ளி இரவு அந்தச் சத்தம் மாறிவிட்டது. அதுவரை அவள் போட்ட சத்தங்களுக்கு ஒழுங்கு கிடையாது, நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். அன்று ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் 'ம்... ம்...' என்று ஒரே மாதிரி, விடாமல். சட்டையை விலக்கிப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூச்சை எண்ண ஆரம்பித்தேன். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினேன். நிமிடம் முடியவில்லை. முடியும்வரை எண்ணினால் கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால் நிறுத்தினேன்.

முதல் நாள் டாக்டர் 'இன்னும் என்னவோ' சொன்னார் என்று எழுதினேனே, அது இதுதான். "சத்தம் ஒவ்வொரு மூச்சுலயும் வந்தா, நெஞ்சு உள்வாங்கினா, பால் குடிக்கலைன்னா, எந்த நேரமா இருந்தாலும் வந்துடுங்க." நான் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர் சொல்லாவிட்டாலும் தெரியும். குழந்தைகள் நோய்ப் பாடம் ஒரு வருடம் படித்திருக்கிறேன்.

போகவில்லை. கேஷுவாலிட்டியில் ஜெசிந்தா இருந்தாள். சில மணி நேரம் முன்னால்தான் அண்ணியைக் கிண்டல் செய்து போட்டிருந்தேன். இப்போது நானே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றால், அங்கே போனதும் பாப்பா கண் திறந்து டியூப் லைட்டைப் பார்த்தால்? விடியட்டும், எல்லாரையும்போல் டோக்கன் போட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். என் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிரிப்பார்கள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை எழுதக் கை கூசுகிறது.

இடையில் அண்ணி விழித்தார். எழுந்து பாப்பாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். "நவநீதனை எழுப்பட்டுமா கண்ணு? போயிரலாம்" என்றார்.

"சாதாரணச் சத்தம் அண்ணி, படுங்க" என்றேன்.

அவர் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் நர்ஸ் என்று சொல்லிச் சொல்லி அவர் வாயை அடைத்திருந்தேன். வெளுக்கும்வரை நாங்கள் இருவரும் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்தோம்.

'எல்லாக் கொழந்தையும் இப்படித்தான்' என்பது அண்ணி சொன்னதுதான். சொன்ன நாள் வேறு.

டிசம்பர் 9, மறுபடியும்

காலையில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். "சனிக்கிழமைதான் மூச்சு வாங்க ஆரம்பிச்சிருக்குன்னா இன்னும் ரெண்டு நாள் இது ஏறத்தான் செய்யும். குழந்தைகளுக்கான வென்டிலேட்டர் இங்க இல்ல. இப்பவே கோயம்புத்தூர் அனுப்பிடறது நல்லது. வழியில கஷ்டப்படலாம், ஆனா இங்க வெச்சிருந்து நாளைக்கு மோசமானா அனுப்பவே முடியாது" என்றார். நவநீதன் ஆம்புலன்ஸுக்குச் சொல்லக் கீழே ஓடினார்.

நான் மட்டும் நின்றேன். பாப்பாவின் கையளவு நெஞ்சு அந்த வண்டியில் அத்தனை தூரம் போவதை நினைத்தேன். டாக்டரிடம் சொன்னேன். சளி செவ்வாய்க்கிழமையே இருந்தது, வியாழனன்று பால் குறைந்தது, வெள்ளி ராத்திரி நெஞ்சு உள்வாங்கியதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு இருந்தேன். ஷிஃப்ட் ரிப்போர்ட் சொல்வதுபோல் சொன்னேன். அப்படித்தான் வந்தது.

அவர் பேனாவை மூடினார். "ஹிஸ்டரி தப்பாக் குடுத்தா நான் எதை வெச்சு முடிவு எடுக்கிறது சுகந்தி?"

அதற்குப் பிறகு என்னைத் திட்டவில்லை. கேஸ் ஷீட்டை மறுபடி பார்த்தார். "அப்படின்னா இப்ப இருக்கறதுதான் உச்சம். நேத்தைக்கும் இன்னைக்கும் ஒரே அளவு ஆக்சிஜன்லதான் இருக்கா. ராத்திரி வரைக்கும் பார்ப்போம். வண்டி வாசல்லயே நிக்கட்டும்" என்றார்.

நவநீதன் மேலே வந்ததும், "டாக்டர் இங்கயே வெச்சுப் பார்க்கலாம்கறாங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வராந்தாச் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்தார்.

டிசம்பர் 10, செவ்வாய்

மூச்சுத் திணறல் ஏறவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

ஜெசிந்தா டூட்டி முடிந்ததும் டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுவந்தாள். "அன்னைக்கு நைட்டே வந்திருக்கலாமே பைத்தியம். நான்தானே இருந்தேன்" என்றாள். சிரித்து எழுதியதெல்லாம் அவளுக்கு நினைவில்கூட இல்லை.

டிசம்பர் 14, சனி

ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். பால் குடித்தாள், முழுசாக. குடித்துவிட்டு என் மேலேயே தூங்கினாள்.

நவநீதன் பக்கத்தில் நின்று பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தையில பேர் வைப்போம். தொட்டில் போடறதுக்கு எங்க அக்கா வேண்டாம். சித்தப்பா மக இருக்குறா, அவளும் அத்தைதான், அவ வந்து போடட்டும்" என்றார்.

அண்ணி அவருக்குத் தாயில்லாத வீட்டில் சோறு ஊட்டி வளர்த்தவர். தம்பி பிள்ளைக்குத் தொட்டில் போட வேண்டுமென்று பரமத்திச் சந்தையில் பட்டுத்துணி வாங்கி வைத்திருப்பதாக வந்த அன்றே சொன்னார்.

"அப்பறம் பேசிக்கலாம்" என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

வீட்டுக்கு வந்தோம். நவநீதனிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 21, சனி

அண்ணிக்கு ஃபோன் செய்தேன். ரிங் போகும்போதே வைத்துவிட்டேன். அவர் திருப்பி அழைத்தார். "பாப்பா நல்லாருக்குதா?" என்றார். நல்லாருக்கா என்றேன். "பால் குடிக்குதா?" குடிக்கிறா. "சரி கண்ணு, வெச்சர்றேன்." அவ்வளவுதான்.

டிசம்பர் 29, ஞாயிறு

நவநீதன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். பட்டறையில் அவருக்கு முழு நாளும் நின்று வேலை. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருப்பேன். முடித்ததும் பாப்பாவை எடுத்துக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

இப்போதெல்லாம் அவர் என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும், "எங்க வீட்ல நர்சுங்க, அதனாலதான் கொழந்தை பொழைச்சுது" என்கிறார். இன்று கீழ்வீட்டாரிடமும் சொன்னார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

சித்தப்பா மகள் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போகலாம், கிளம்பு என்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். நான் கிளம்பவில்லை.

"கொஞ்சம் உக்காருங்க மாமா" என்றேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணி என்ன சொன்னார், ராத்திரி எழுந்து என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன், எல்லாம் சொன்னேன். குரூப்பில் போட்டதையும் காட்டினேன். அதைப் படிக்க அவருக்கு நேரம் ஆயிற்று.

"எங்கக்கா கூப்பிட்டுதா? என்னைய எழுப்பட்டுமான்னு கேட்டுதா?"

"ஆமாங்க."

"நான் ஹால்லதான் இருந்தேன்."

"ஆமாங்க."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் பாப்பாவைப் பார்த்தார், போனை என்னிடம் கொடுத்தார். "அன்னைக்கு ஆசுபத்திரி வாசல்ல நாலு பேர் முன்னால நான் எங்கக்காவ என்னென்ன பேசினேன் தெரியுமா உனக்கு?" என்றார். தெரியும், நான் பக்கத்தில்தான் நின்றேன். அதை அவருக்குச் சொல்லவில்லை.

புதுச் சட்டையோடு பைக்கை எடுத்துக்கொண்டு பரமத்திக்குப் போனார். திரும்பி வந்தவர் என்னிடம் ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார். அண்ணி என்ன சொன்னார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஜனவரி 11, சனி

இன்றுதான் பேசினார். அதுவும், "உப்பு கம்மியா இருக்குது."

ஜனவரி 22, புதன்

பெயர் வைத்தோம். நிறைமதி.

அண்ணி காலையிலேயே வந்துவிட்டார். பட்டுத்துணியும், தொட்டில் கம்புக்குச் சுற்றப் பூவும் கொண்டுவந்திருந்தார். தம்பியோடு வாசலில் நின்று ஏதோ பேசிச் சிரித்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினார். பாப்பாவைக் கேட்கவில்லை. கேட்டால் நான் கொடுத்திருப்பேன்.

அம்மா அப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு வந்திருந்தார். நவநீதன் பக்கத்துச் சொந்தம்தான் ஹால் முழுக்க. ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது எல்லார் காதுக்கும் போயிருந்தது. அண்ணி தொட்டிலில் துணி கட்டும்போது நவநீதனின் பெரியம்மா கால் நீட்டி உட்கார்ந்தபடி சொன்னார்: "ஏன் திலகா, நீ பக்கத்துல படுத்திருந்துமா புள்ளைக்கு அப்படியாச்சு? தூங்கிட்டியாக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். நவநீதன் வாசலில் பந்தி இலை எண்ணிக்கொண்டிருந்தார், அவர் காதில் விழவில்லை. அண்ணி முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்றே, இங்கேயுமா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எனக்கு நன்றாகப் பழகிய நினைப்பு. அதனால்தான் எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன்.

"அண்ணி தூங்கலைங்க பெரியம்மா. ஆசுபத்திரிக்குப் போலாம்னு ரெண்டு தடவை சொன்னாங்க. நான்தான் ஒண்ணுமில்ல படுங்கன்னுட்டேன். போனா எங்கூட வேலை செய்யறவங்க சிரிப்பாங்கன்னு போகல. வாசல்ல கேட்டப்ப அவங்க மேல பழியப் போட்டதும் நான்தான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். பெரியம்மா நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். முகமெல்லாம் எரிந்தது. கேஷுவாலிட்டியில் வெறுங்காலோடு நின்றபோதுகூட இப்படி எரியவில்லை.

அண்ணி திரும்பினார். "பாப்பாவக் குடு. நல்ல நேரம் போகுது" என்று கை நீட்டினார்.

கொடுத்தேன். தொட்டிலில் போட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று முறை பெயர் சொன்னார். பாப்பா கொட்டாவி விட்டாள்.

பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு பின்பக்கம் பாத்திரம் கழுவினோம். அவர் தேய்த்தார், நான் அலசினேன். "மன்னிச்சிருங்க அண்ணி" என்றேன்.

"அத்தனை பேர் முன்னால நீ சொல்லியிருக்க வேண்டாம்னு சொல்லுவேன்னு எதிர்பார்க்காத சுகந்தி," என்றார் அண்ணி. "சொல்லத்தான் வேணும். அன்னைக்கு பஸ்ல நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நான் சத்தம் போட்டு நவநீதனை எழுப்பியிருக்கோணும். நீ படிச்சவன்னு பேசாம இருந்துட்டேன். அதுக்கு எம்மேலயும் எனக்குக் கோவம் இருக்குது."

அவர் ஒரு குண்டாவை என் பக்கம் தள்ளினார்.

"அடி பிடிச்சிருக்குது பாரு. சித்தெ ஊற வை."

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புவதாக இருந்தவர், புடவையை மாற்றிக்கொண்டு இன்று இரவு இருந்துவிட்டுப் போகிறேன் என்று நவநீதனிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. உள் அறையில் தன் பாயைத் தொட்டிலின் அந்தப் பக்கம் விரித்திருக்கிறார்.